பயோமார்க்கர் ஆய்வகத்தில் சேர விரும்பும் மகளும் பெற்றோரின் கவலையும்

உங்கள் மகள் உயிர்வேதியியலில் பட்டப்படிப்பை முடிக்கப் போகிறார். பயோமார்க்கர் எனப்படும் நோய்க் குறிகளை ரத்தத்தில் தேடும் ஆய்வகத்தில் சேர ஆசைப்படுகிறார். தொற்று ஏதும் வந்துவிடுமோ, வேலை கிடைக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நியாயமான கவலைகள்தான்.

முதலில் தொற்று. மனித ரத்தத்தைத் தொடும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வழக்கமான அட்டவணையில் 3 தவணைகள். முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் 6 மாத இடைவெளி. கடைசித் தவணை முடிந்து 1 முதல் 2 மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் போதுமான அளவு உருவாகியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சிறு வயதில் போட்டிருந்தால் அந்தப் பதிவைத் தேடி எடுங்கள். போடவில்லை என்றால் சேர்க்கைக்குக் காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள். கிருமி வெளியே பரவாமல் காற்றை வடிகட்டும் உயிர்ப்பாதுகாப்புக் கூண்டுக்குள் கையுறையோடு வேலை செய்யப் பழகிவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. ஊசி குத்திவிட்டால் உடனே யாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதி ஒட்டாத ஆய்வகம் வேண்டாம்.

அடுத்து, வேலையின் இயல்பு. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின், மார்பகப் புற்றுநோயில் எந்த மருந்து பலிக்கும் என்று சொல்லும் ஹெர்2 போன்ற குறிகள் இத்தகைய ஆய்வுகளிலிருந்துதான் வந்தன. ஆனால் ஆய்வில் தென்படும் குறிகளில் மிகச் சிலவே மருத்துவமனை வரை போகின்றன. மற்றவை பெரும்பாலும் விழுவது கருவியின் குறையால் அல்ல. சாம்பிளைக் கையாண்ட விதத்தாலும் ஆய்வை வகுத்த விதத்தாலும்தான். உங்கள் மகள் இந்தத் துறையில் தேறுவாரா என்பதும் இதில்தான் தெரியும்.

ரத்தத்தில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தால் அளக்கும் எலைசா சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளேட்டில் 96 குழிகள். தேடும் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பூசி, மிச்ச இடத்தை வேறு புரதத்தால் அடைத்து, சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீர்) விட்டு, கழுவி, நொதி ஒட்டிய ஆன்டிபாடி சேர்த்து, மறுபடியும் கழுவி நொதியால் நிறம் மாறும் வேதிப்பொருளை விட்டால் நீலம் வரும். அமிலம் விட்டு நிறுத்தினால் மஞ்சள். அதை 450 நானோமீட்டரில் படிக்கிறோம். மூடாமல் விட்டால் ஓரக் குழிகளில் நீர் ஆவியாகி அளவு கோணலாகும். கழுவல் அரைகுறையானால் எல்லாக் குழிகளும் மஞ்சளிக்கும். இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். நோயாளிகளை ஒரு பிளேட்டிலும் ஆரோக்கியமானவர்களை இன்னொன்றிலும் வைத்தால்தான் பெரிய விபரீதம்: பிளேட்டுக்குப் பிளேட் இருக்கும் வேறுபாடு நோயின் வேறுபாடாகத் தோன்றிவிடும். இரு தரப்பையும் கலந்து அடுக்க வேண்டும்.

ரத்தம் எடுக்கும் குழாயிலும் கண் வேண்டும். ஹெப்பரினும் இடிடிஏவும் ரத்தம் உறையாமல் தடுக்கக் குழாயில் சேர்ப்பவை. ஹெப்பரின் கலந்த குழாய், மரபணுத் துண்டுகளைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையைத் தடுக்கும் என்பதால் அதற்கு இடிடிஏ குழாயே ஏற்றது. சிவப்பணு உடைந்த சாம்பிளில் சில நுண் ஆர்என்ஏக்கள் (மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறுகள்) பொய்யாக உயர்ந்து காட்டும். உருக்கி உறையவைப்பதைத் திரும்பத் திரும்பச் செய்தால் பல புரதங்கள் சிதையும். அதனால் முதல் நாளே சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும்.

கணக்கு வேண்டாம் என்று இந்தப் பக்கம் வருபவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஒன்றையொன்று சாராத 40 குறிகளை 0.05 என்ற வரம்பில் (தற்செயலாகத் தேற 5 சதவீத வாய்ப்பு) சோதித்தால், நோய்க்குத் தொடர்பே இல்லாத நிலையிலும் சராசரியாக 2 தற்செயலாகத் தேறும். புள்ளியியலும், அந்தக் கணக்குகளைப் போடும் ஆர் (R) மென்பொருளும் கட்டாயம்.

வேலையைப் பொறுத்தவரை, சொந்தமாக ஆய்வை நடத்த முனைவர் பட்டம் வேண்டும். அது பல ஆண்டு உழைப்பு. ஆனால் நோயறிதல் கிட் தயாரிக்கும் நிறுவனங்களின் தரச்சோதனைப் பிரிவும், செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியை இயக்குவதும், மருந்துப் பரிசோதனைகளின் சாம்பிள் மேலாண்மையும் முதுநிலையோடே திறக்கும் கதவுகள். தேடிய குறி பொய்த்தாலும் கற்ற கைத்திறன் சோறு போடும்.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைக் கேட்கச் சொல்லுங்கள்: ஆய்வை வகுக்கும்போதே புள்ளியியலாளர் உட்காருகிறாரா? முதல் ஆண்டில் கருவியைத் தொட விடுவார்களா, குழாய்க்கு லேபிள் ஒட்டுவதோடு சரியா?

அதற்கு முன் கல்லூரி ஆய்வகத்திலேயே ஒரு பயிற்சி செய்யலாம். 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பிப்பெட்டில் (சிறு அளவு திரவத்தை உறிஞ்சி எடுக்கும் கருவி) 10 முறை எடுத்துத் துல்லியத் தராசில் நிறுக்கட்டும். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம் வர வேண்டும். ஏற்ற இறக்கம் 1 சதவீதத்துக்குள் நிற்கும் வரை பழகட்டும். முதல் அளவு மட்டும் குறைந்தால், முனையை ஒருமுறை நனைக்காமல் எடுத்திருக்கிறார் என்று பொருள்.