பேரப்பிள்ளைகளை எந்தக் கப்பலில் ஏற்றலாம்?

தேவகோட்டையிலிருந்து ஆச்சி ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் ஐயா பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய கதையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் என் பேரனுக்குப் பதினான்கு வயது, பேத்திக்குப் பத்து. இரண்டு பேருக்கும் கப்பல் என்றால் உயிர். டிசம்பர் விடுமுறைக்கு வருகிறார்கள். இங்கிருந்து கிளம்பி ஒரு கப்பல் பயணம் போக முடியுமா? பழைய கப்பல்களின் சுவடுகளை எங்கே காட்டலாம்? மின்சாரக் கப்பல் வந்துவிட்டது என்கிறார்களே, அதில் பினாங்கு போகும் காலம் வருமா?"

ஆச்சி, முதலில் மாதத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. முடிந்தால் பிள்ளைகளை ஜூன் விடுமுறைக்கு வரச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஏற்ற கடல் பயணம் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் போவதுதான். 2023 அக்டோபர் 14 அன்று இந்தச் சேவை தொடங்கியது. சில நாட்களிலேயே மழைக்காலம் வந்து நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16 அன்று வேறொரு கப்பலுடன் மீண்டும் தொடங்கியபோது, அந்தக் கப்பலுக்குப் பெயர் 'சிவகங்கை'. உங்கள் மாவட்டத்தின் பெயர்! அந்த ஆண்டும் வடகிழக்குப் பருவமழையில் சேவை நின்றது. காரணம் கடலின் அமைப்பில் இருக்கிறது. பாக் நீரிணை ஆழமில்லாதது. வாடைக்காற்று வீசும்போது அங்கே அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து எழும். பெரிய கடலின் நீண்ட அலையில் கப்பல் ஏறி இறங்கிப் போய்விடும். இந்தக் குட்டை அலையோ சிறிய கப்பலைக் குலுக்கி எடுத்துவிடும். பாம்பன் மீனவர்கள் ஒரே தீவின் இரு பக்கத்தையும் வடகடல், தென்கடல் என்று பிரித்துப் பேசுவார்கள். வாடையில் வடகடல் கெடும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் தென்கடல் கெடும். நீங்கள் கடக்கப்போவது வடகடல். ஆகவே ஜூன்.

தூரம் அறுபது கடல் மைலுக்குள், ஏறத்தாழ நான்கு மணி நேரம். கிளம்பும் வாரத்தில் கப்பல் ஓடுகிறதா என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான நுழைவு அனுமதியும் வேண்டும் என்பது தெரிந்திருக்கும். பலர் கோட்டைவிடும் இடம் வேறு. பிள்ளைகள் சிங்கப்பூர் குடியுரிமை பெற்றவர்களாக இருந்தால், அவர்களது இந்திய விசா இரண்டாம் முறை உள்ளே வர அனுமதிக்கிறதா, அது நாகப்பட்டினம் துறைமுகத்துக்கும் செல்லுபடியாகுமா என்று முன்பே கேளுங்கள். மின்னணு விசாவில் எல்லாத் துறைமுகங்கள் வழியாகவும் நுழைய முடியாது. யாழ்ப்பாணம் போய்விட்டுத் திரும்ப முடியாமல் நிற்பது நல்ல பயணம் ஆகாது. கப்பலில் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இடம் கிடைத்தால் அதையே எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

இனி ரஜூலா. 1926-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டிய நீராவிக் கப்பல் அது. பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனி அதைச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற தடத்தில் ஓட்டியது. அறை எடுத்தவர்கள் மிகச் சிலர். ஆயிரக்கணக்கானோர் டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். அதன் உடன்பிறப்பான ரோனா, இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களை ஏற்றிச் சென்றபோது 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் குண்டுவீச்சில் மூழ்கியது. ரஜூலா தப்பியது. 1973 வரை ஓடி, மறு ஆண்டு உடைக்கப்பட்டது. அதன்பின் எம்.வி. சிதம்பரம் அதே தடத்தில் ஓடியது. 1985-ல் நடந்த தீ விபத்தோடு அதுவும் முடிந்தது. ஆகவே ஐயா ஏறிய கப்பலைக் காட்ட வழியில்லை. அந்தக் கப்பல்கள் கொண்டுவந்தவற்றைக் காட்டலாம்.

அதற்கு நீங்கள் வெளியே போக வேண்டியதில்லை. உங்கள் வளவில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணைப் பேத்தி கட்டிப்பிடிக்கட்டும், கைக்கு எட்டுகிறதா பார்க்கட்டும். அந்த மரம் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்தது. பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிப் பளிங்கு என்று கானாடுகாத்தான் வீடுகளில் வழிகாட்டிகள் சொல்லும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு கப்பலின் சரக்கறை இருக்கிறது. நான் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது ஒரு தாளில் வங்காள விரிகுடாவை வரையச் சொல்லி, கண்ணில் பட்ட பொருளை எல்லாம் அது வந்த திசையில் குறிக்கச் சொல்வேன். ஒரு முகப்பைக் கடப்பதற்குள் தாள் நிறைந்துவிடும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை மட்டும் அந்தப் படத்தில் சேர்க்க வேண்டாம், அது நம் மண்ணில் வார்த்தது.

அடுத்து ஒரு மணி நேரப் பயணத்தில் தொண்டி. சங்கப் பாடல்களில் புகழப்படும் சேரரின் தொண்டி மேற்குக் கரையில் இருந்தது. இது பாண்டிநாட்டுத் தொண்டி. இரண்டையும் குழப்புகிறவர்கள் நிறையப் பேர். இந்தக் கரைக்கே உரிய படகு வத்தை. ஆழமற்ற கடலுக்காகத் தட்டையான அடியோடு கட்டியது. பாய் விரித்து ஓடும்போது படகு சாயாமலிருக்கக் குறுக்கே ஒரு பலகையை நீட்டி, ஆட்கள் அதில் ஏறிப் பாரம் கொடுப்பார்கள். இப்போது எந்திரப் படகுகளே மிகுதி. கரையில் ஒரு வத்தையைப் பார்க்க நேர்ந்தால் அங்கேயே அரை நாள் இருந்துவிடுங்கள்.

பாம்பனுக்குக் காரைக்குடியில் ரயில் ஏறுங்கள், சேது எக்ஸ்பிரஸ் அந்த வழிதான். 1914-ல் திறந்த பழைய பாலம், கப்பல் வந்தால் இரு கைகளைத் தூக்குவதுபோல் நடுவில் பிளந்து திறந்துவந்தது. ஆட்கள் நெம்புகோல் பிடித்துச் சுற்றித் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும் மின்விசையால் 17 மீட்டர் நேராக மேலே போகிறது. கப்பல் வந்தால்தான் திறப்பார்கள், ஆகவே திறக்கும் காட்சி வாய்ப்பைப் பொறுத்தது. பெரிய கப்பல்கள் இந்த வழியில் வருவதே இல்லை, ஆழம் போதாமல் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன.

மின்சாரக் கப்பல் வந்துவிட்டது. பார்க்க வேண்டிய ஊர் கொச்சி. அங்கே 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் நூறு பேர் போகும் அலுமினியப் படகுகள் பேட்டரியில் ஓடுகின்றன. துறையில் நிற்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மின்னேற்றிக்கொள்கின்றன. எந்திரச் சத்தம் இல்லாத படகில் தண்ணீரின் ஒலியை முதன்முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. எர்ணாகுளம்–வேளாங்கண்ணி எக்ஸ்பிரஸ் காரைக்குடி வழியாகத்தான் போகிறது, வாரத்தில் சில நாள் மட்டும். திரும்பும் வழியில் வைக்கத்தில் 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' சூரிய ஒளிப் படகிலும் ஏறிவிடலாம்.

பினாங்குக்கு? அதற்கு இன்றைய பேட்டரி உதவாது. ஒரு கிலோ டீசலில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. எந்திரம் அதில் பாதிக்கு மேல் வீணாக்கினாலும் ஐந்து யூனிட் வேலைக்கு வரும். ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் கால் யூனிட்கூடத் தேறாது. அதே தூரம் போக இருபது மடங்குக்கும் மேல் எடை சுமக்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு 1,200 கடல் மைலுக்கு மேல். பேட்டரியை ஏற்றினால் ஆளுக்கு இடமிருக்காது. தொலைதூரக் கப்பல்கள் மறுபடி காற்றை நாடுகின்றன. 2023-ல் பிக்சிஸ் ஓஷன் என்ற சரக்குக் கப்பலில் உறுதியான இறக்கை போன்ற பாய்களை நிறுத்தி ஓட்டிப் பார்த்தார்கள். எரிபொருள் மிச்சமாகிறது, எந்திரமும் கூடவே ஓடுகிறது. என் நம்பிக்கை இந்தப் பக்கம்தான்.

பேரன் நிச்சயம் ஒன்றைக் கேட்பான். கொச்சிப் படகை 'கேடமரான்' என்கிறார்களே, அது நம் கட்டுமரமா? பெயர் நம்முடையது. ஆங்கிலேய மாலுமிகள் சோழமண்டலக் கரையில் கேட்டு எடுத்துப்போன சொல். ஆனால் இரண்டு உடல்களைப் பிணைத்துக் கட்டும் அந்த வடிவம் பசிபிக் தீவுக்காரர்களின் அறிவு. நம் கட்டுமரம் மரங்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவது. அவனிடம் இதை நேராகச் சொல்லுங்கள். நாம் பெருமைப்பட நம்முடையதே இருக்கிறது. சென்னைக் கரையின் முரட்டு அலையில் ஆணியடித்த படகு பிளந்தபோது, கயிற்றால் தைத்த மசூலாப் படகு வளைந்துகொடுத்துக் கரை சேர்ந்தது. அந்தத் தையல் முறையில் கட்டிய கௌண்டின்யா என்ற பாய்க்கப்பலை 2025 மே மாதம் இந்தியக் கடற்படை ஏற்றது. அதன் மாதிரியைச் சென்னை ஐ.ஐ.டி. நீர்த்தொட்டியில் சோதித்துக் கொடுத்தது. அந்த டிசம்பரில் அது போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்குப் பாய் விரித்தே கிளம்பியது.

கடைசியாக ஒரு வேலை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே. ஐயாவின் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். பழைய பாஸ்போர்ட், டிக்கெட் துண்டு, தேதி போட்ட கடிதம் எது கிடைத்தாலும் லேமினேட் செய்துவிடாதீர்கள், பழைய தாளை அது கெடுத்துவிடும். படம் எடுத்துப் பேரனுக்கு அனுப்புங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. ரஜூலா வந்து சேர்ந்த நாட்கள் அவற்றின் கப்பல் செய்திப் பத்திகளில் இருக்கின்றன. தேதியைக் கொடுத்தால் ஐயா போன பயணத்தை அவனே தேடிப் பார்த்துக்கொள்வான்.