ரொறன்ரோவில் பதிந்த கல்யாணம் கொழும்பில் செல்லுமா?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரும் அவருடைய துணைவியும் சில வருடங்களாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மாடிக்குடியிருப்பில் எல்லோருக்கும் அவர்கள் 'வேலைக்குப் போகிற இரண்டு பிள்ளைகள்'. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன், இங்கே வந்து எழுத்தை முடித்துக்கொண்டு போங்கள் என்கிறாராம். அந்தக் கல்யாணம் கொழும்பில் செல்லுமா, தன்பாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 365ஆம் பிரிவு பெண்களுக்கும் உண்டா, இருவருமாகக் காசு போட்டு வாங்கிய வீட்டைப் பிற்காலத்தில் யார் கேட்டு வருவார்கள் என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பதில், செல்லாது. கனடாவில் 2005 முதல் நாடு முழுவதும் தன்பாலினத் திருமணம் சட்டப்படியானது. அங்கே நீங்கள் முழு உரிமையுள்ள தம்பதி. இங்குள்ள பொதுவான விவாகப் பதிவுச் சட்டமோ, கண்டியச் சட்டமோ, முஸ்லிம் சட்டமோ ஆணும் பெண்ணும் என்றுதான் போகிறது. ஒன்றாரியோச் சான்றிதழை எந்தப் பதிவாளரிடம் நீட்டினாலும் வேலை நடக்காது. அதற்காக அதைப் பதிவது குற்றமும் அல்ல. எப்போதாவது குடிபெயரும் எண்ணம் இருந்தால் அது உதவும்.

365 விஷயத்தில் பலரும் பிழையாக நினைத்திருக்கிறார்கள். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை வெள்ளைக்காரன் போட்டது, உண்மை. ஆனால் 365அ பிரிவு முதலில் ஆண்களைப் பற்றித்தான் பேசியது. 1995இல் 'ஆண்' என்பதை எடுத்துவிட்டு 'ஆள்' என்று மாற்றி, பெண்களையும் உள்ளே இழுத்தது நம்முடைய பாராளுமன்றம். தண்டனை இரண்டு வருடம் வரை. ஒன்றாகக் குடியிருப்பது இதில் வராது. பிரிவு செயலைப் பற்றிப் பேசுகிறது. நடைமுறையில் வயது வந்தவர்கள் சம்மதத்தோடு இருப்பதற்காகத் தண்டனை வரை போகும் வழக்குகள் அரிது. 2016இல் ஒரு வழக்கில் உயர் நீதிமன்றமே சிறைத்தண்டனையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியது. தொல்லை வருவது மிரட்டலிலும் பணம் பறிப்பதிலும்தான். பொலிஸ் நிலையத்துக்குப் போக நேர்ந்தால், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதக் கேளுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996.

இந்தியாவில் 2018இல் உச்ச நீதிமன்றம் இதே மாதிரிச் சட்டத்தைத் தூக்கியெறிந்ததே, இங்கே ஏன் முடியவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நம் அரசியலமைப்பில் ஒரு சட்டம் நிறைவேறிவிட்டால் பிறகு எந்த நீதிமன்றமும் அதைச் செல்லாது என்று சொல்ல முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே, அதுவும் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்தபின் குறுகிய காலக்கெடுவுக்குள், கேள்வி கேட்டாக வேண்டும். 1978 அரசியலமைப்புக்கு முந்திய சட்டங்களுக்கு 16ஆம் உறுப்புரை தனியாக ஒரு கவசம் கொடுத்திருக்கிறது. ஆகவே பந்து பாராளுமன்றத்தில்தான். இந்தக் குற்றத்தை நீக்க அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதாரண பெரும்பான்மை போதும். வாக்கெடுப்புக்கே வராமல், 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது அதுவும் போய்விட்டது.

எதிர்ப்பவர்கள், இதை விட்டால் நாளை கல்யாணம் கேட்பார்கள் என்கிறார்கள். கேட்டால் என்ன என்பது என் கேள்வி. அது கிடக்கட்டும். பக்கத்து நாட்டைப் பார்த்தால் அந்தப் பயத்துக்கும் அடிப்படை இல்லை: குற்றம் நீக்கி ஐந்து வருடம் கழித்து, 2023 ஒக்டோபரில், திருமண உரிமையைத் தர முடியாது என்று அதே இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. நேபாளத்தில் மட்டும் அந்த வருடம் நவம்பரில் ஒரு திருமணம் பதிவானது. குற்றம் நீக்குவதும் கல்யாணமும் வெவ்வேறு கதவுகள். இங்கே முதல் கதவே இன்னும் பூட்டிக் கிடக்கிறது.

சரி, வீடு. இதை எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். உறுதி இருவர் பேரிலும் இருந்தாலும், ஒருவர் இல்லாமல் போனால் அவருடைய பாதி மற்றவருக்குத் தானாக வராது; பெற்றோருக்கும் சகோதரங்களுக்கும் போகும். ஆனால் நம் சட்டத்தில் ஒருவர் தன் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம், உறவு தேவையில்லை. ஆகவே இருவரும் தனித்தனியாக மரணசாசனம் எழுதுங்கள். நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகள். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். ஒருவர் எழுதுவதில் மற்றவர் சாட்சியாகக் கையெழுத்து வைக்கக்கூடாது. 'என் தோழி' என்று எழுதினாலே போதும். முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியாக இருக்க வேண்டும். சிலர் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து நன்கொடை உறுதி எழுதச் சொல்வார்கள். எனக்கு அது விருப்பமில்லை. நன்கொடையைத் திருப்புவது பெரிய பாடு. மரணசாசனத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். யாழ்ப்பாணத்தில் பங்குக் காணி இருந்தால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும் வந்து சேரும், நொத்தாரிசிடம் அதையும் சொல்லுங்கள்.

அற்றோணித் தத்துவம் (நம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதினால் போதாதா என்று பலர் கேட்பார்கள். உயிரோடு இருக்கும்வரை வங்கி, பத்திர வேலைகளுக்கு உதவும். மரணத்தோடு அது முடிந்துவிடும். ஆஸ்பத்திரியில் அனுமதிப் படிவத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர் என்று ஒருவர் மற்றவர் பெயரையே கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வைத்தியர்கள் பெரும்பாலும் பெற்றோரைத்தான் கேட்பார்கள். ஆகவே கையெழுத்திட்ட ஒரு கடிதமும் கைப்பையில் இருக்கட்டும். ஊழியர் சேமலாப நிதியிலும் வங்கிக் கணக்குகளிலும் யாரைப் பின்னுரித்தாளியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். வேலையில் சேர்ந்த அன்று அவசரத்தில் அம்மா பெயரை எழுதிவிட்டு மறந்தவர்கள்தான் அதிகம்.