எந்தத் தியானத்தைத் தொடர்வது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வேதாத்திரி மகரிஷி நிறுவிய ஆழியாறு அறிவுத்திருக்கோயிலில் ஆக்கினை தீட்சை பெற்றேன். பிறகு பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போய் வந்தேன். அதன்பின் யூடியூபில் பார்த்த மூச்சுப் பயிற்சி. இப்போது நாத்தனார் சொன்ன ராமநாம ஜபம். எதைத் தொடங்கினாலும் ஓரிரு வாரம் மனம் லேசாக இருக்கிறது, அப்புறம் பிடிப்பு விட்டுப்போகிறது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துச் செய்யலாமா, ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ள வேண்டுமா? ஒன்று என்றால் எதை?
– ஒரு வாசகி, சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்

பதில்: ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளுங்கள், சகோதரி. எதை என்பதற்குப் பிறகு வருகிறேன். ஏன் ஒன்று என்பது தெளிவாகாவிட்டால், நான் எதைச் சொன்னாலும் அது உங்கள் வரிசையில் ஐந்தாவதாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

நீங்கள் எழுதிய நான்கும் நல்ல வழிகளே. ஆனால் அவை மனத்துக்கு இடும் வேலைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஆக்கினைத் தவத்தில் புருவமத்தியில் எழும் உணர்வு ஒன்றிலேயே கவனத்தை நிலைநிறுத்துகிறீர்கள். தியான ஆசான் எஸ். என். கோயங்கா அவர்கள் 1969இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கிய விபாசனாவிலோ, முதல் மூன்று நாட்கள் மூக்கின் வாசலில் தானாக வந்துபோகும் மூச்சை மாற்றாமல் கவனித்துவிட்டு, பிறகு தலை முதல் கால் வரை கவனத்தை நகர்த்திக்கொண்டே செல்ல வேண்டும். எந்த உணர்ச்சி தென்பட்டாலும் அதை விரும்பவோ வெறுக்கவோ கூடாது, சொல்லையோ உருவத்தையோ துணைக்கு அழைக்கவும் கூடாது. ஜபத்துக்குச் சொல்லே உயிர். பிராணாயாமம் மூச்சை அதன் போக்கில் விடாமல் அளவிட்டு இழுக்கவும் நிறுத்தவும் சொல்கிறது. விபாசனா முகாமில் மற்றப் பயிற்சிகளையும் ஜபத்தையும் அந்தப் பத்து நாட்களுக்கு நிறுத்திவைக்கச் சொல்வது இதனால்தான். அதில் பிற வழிகளைப் பற்றிய இளக்காரம் எதுவும் இல்லை.

இவற்றை ஒரே அமர்வில் கலந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அமர்ந்த ஐந்தாம் நிமிடத்தில், திருத்தி முடிக்காத விடைத்தாள் கட்டு நினைவுக்கு வருகிறது. ஒரே பயிற்சி உள்ளவர் நினைவு போன இடத்தை உணர்ந்ததும் தன் இடத்துக்குத் திரும்புகிறார். அவருக்கு வேறு வேலை கிடையாது. நான்கு பயிற்சி அறிந்தவருக்கோ அங்கே ஒரு விசாரணை தொடங்கிவிடுகிறது. இன்று மூச்சு சரிப்படவில்லை, நாமம் சொல்லிப் பார்ப்போமா? நாமமும் நிற்கவில்லை, நெற்றிக்குப் போவோமா? கண் மூடியிருக்கிறது, உடம்பும் அசையவில்லை, ஆனால் அரை மணி நேரமும் யோசனையிலேயே கழிந்திருக்கிறது.

அடுத்தது, இரண்டு வாரத்தில் பிடிப்பு விட்டுப்போவது. அது பயிற்சியின் குறையன்று, உங்கள் குறையுமன்று. தொடக்கத்தில் கிடைத்த இதத்தில் பாதி புதுமையால் வந்தது. புதுமை தீர்ந்ததும் சலிப்பு வருவது எல்லா வழிகளிலும் உள்ள கட்டம். உண்மையான பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த வாசலை நெருங்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் வழியை மாற்றிக்கொள்வதால், நான்கு பாதைகளிலும் முதல் மைலை மட்டுமே அறிந்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். யோக சூத்திரத்தில் பதஞ்சலி தடைகளாக நோய், மந்தம், ஐயம், கவனக்குறைவு, சோம்பல் என்று அடுக்கிக்கொண்டே போய், எட்டிய நிலையில் நிலைத்து நிற்காமையையும் ஒரு தடையாகச் சேர்க்கிறார். அவற்றுக்கு மருந்தாக ஒரே தத்துவத்தில் பயில்வதைச் சொல்கிறார். அவரே அதைத் தொடர்ந்து மூச்சு முதலான பல வழிகளைக் காட்டி, கடைசியில் உங்களுக்கு உகந்த எதையும் தியானிக்கலாம் என்று விட்டுவிடுகிறார். தேர்வு நம்முடையது, தேர்ந்த பின் நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்வதே அதை உறுதியாக்கும் என்பதும் அவர் சொன்னதே. ரமண மகரிஷி இதற்கு யானையை எடுத்துக்காட்டினார்: சும்மா இராமல் அலையும் துதிக்கையில் ஒரு சங்கிலியைக் கொடுத்தால் யானை வேறொன்றையும் பற்றாமல் அதையே பிடித்துக்கொண்டு போகும், மனமும் ஏதேனும் ஒரு நாமத்திலோ ரூபத்திலோ பழக்கினால் அப்படியே. நம் பக்கத்துக் கோயில் யானைகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, எதை? முதல் நாளில் எது அதிக ஆனந்தம் தந்தது என்று பார்க்காதீர்கள். உடம்பு சரியில்லாத நாளில், பள்ளியில் மனம் கசந்து வந்த நாளில், எதைச் செய்ய முடியும் என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் நேரில் கேட்க ஆள் இருக்கிறாரா என்றும் பாருங்கள். உங்கள் நிலையில் நான் ஆழியாற்று வழியையே சொல்வேன். பொள்ளாச்சி போய் வால்பாறைச் சாலையில் ஏறினால் ஒரே நாளில் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பலாம். மேலும், ஆக்கினையில் நெற்றி கனத்துப்போனால் கவனத்தை முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தி தவத்தையும் வேதாத்திரி மகரிஷி அதே முறைக்குள் வைத்திருக்கிறார். ஒரு முழுமையான முறையில் இப்படி ஏற்றத்துக்கு ஓர் இறக்கம் இருக்கும். துண்டு துண்டாகப் பார்க்கும் காணொளியில் அது கிடைக்காது. இறக்கத்தைப் பயன்படுத்துவது கலப்படமும் ஆகாது. ராமநாமத்தைக் கைவிட வேண்டாம்; பேருந்திலும் சமையலறையிலும் சொல்லுங்கள், தவத்துக்கு அமரும்போது மட்டும் வேண்டாம்.

நேரத்துக்கு இந்த நாட்டு வழக்கமே துணை. தமிழ் வீடானாலும் மலையாள வீடானாலும் இங்கே அந்தியில் நிலவிளக்கு ஏற்றி நாமம் சொல்வதுண்டு. விளக்கேற்றியதும் இருபது நிமிடம் அமர்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 96 பேர் உணவு, உடற்பயிற்சி போன்ற ஒரு புதிய பழக்கத்தைத் தினமும் நடக்கும் ஒரு செயலோடு இணைத்துச் செய்தார்கள். அது யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற ஏறத்தாழ 66 நாட்கள் பிடித்தன. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்பதையும் கண்டார்கள். ஆகவே ஆறு மாதம் கொடுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் அமருங்கள்.

தூக்கம் கெட்டாலோ, காரணமில்லாத அச்சம் தொடர்ந்தாலோ பொறுத்துக்கொள்ளாமல் நிறுத்தி, கற்பித்தவரிடம் கேளுங்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட மௌன முகாம்களுக்குப் போக வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: பல ஆண்டுகளாகத் தினமும் 108 முறை பஞ்சாட்சரம் ஜபிக்கிறேன். இப்போது உதடு சொல்கிறது, மனம் எங்கோ இருக்கிறது. மகன் கைப்பேசியில் ஒரு தியானச் செயலியைக் காட்டி, ‘இதற்கு மாறிவிடுங்கள் அப்பா’ என்கிறான். மாறலாமா?
– ஒரு வாசகர், வேலந்தாவளம்

பதில்: மாற வேண்டாம், ஐயா. இத்தனை ஆண்டுகள் ஊறிய மந்திரம் எளிதில் கிடைக்கும் பொருள் அன்று. மாற்றத்தை ஜபத்துக்குள்ளேயே செய்துகொள்ளலாம். வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் சொல்வது மானசம் என்று பெரியோர் மூன்றாக வகுத்திருக்கிறார்கள். உபாம்சு உங்களுக்கு இயந்திரமாகிவிட்டதால், சில நாட்கள் உங்கள் காதுக்குக் கேட்கும்படி வாய்விட்டு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொல்லுங்கள். 108 முடியாவிட்டால் 27 போதும். மனம் குரலோடு நிற்கத் தொடங்கிய பிறகு மறுபடி உதட்டுக்கு வரலாம். மகன் அன்பினால் சொல்கிறார். அந்தச் செயலியில் நேரம் முடிந்ததும் மணி அடிக்கும் வசதி இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கடிகாரத்தைப் பார்க்கும் வேலை மிச்சம்.