குறையே சொல்லாதவர்கள்

அன்புள்ள ஐயா,

2019 டிசம்பரில் நானும் என் கணவரும் மியான்மரின் இன்லே ஏரியில் ஒரு கிராமத்து வீட்டில் இரண்டு இரவு தங்கினோம். தண்ணீருக்கு மேல் கால் நட்டுக் கட்டிய மரவீடு. அந்த ஷான் மக்களிடம் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு குறைகூட அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. எப்போதும் சிரிப்பு. நாம் தொலைத்துவிட்ட நிறைவு அது என்று தோன்றியது. இப்போது எங்கள் மகளுக்குப் பத்து வயது. அதே வீட்டுக்கு அவளை அழைத்துப்போய் அந்த எளிமையைக் காட்ட ஆசை. போகலாமா? என்ன பரிசு கொண்டுபோவது? அங்கே எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். படத்தில் ஒற்றைக்காலில் நின்று கூம்புக்கூடையைத் தூக்கிப் பிடித்திருப்பவர் படத்துக்காகவே நிற்பவர். காசு கொடுத்திருப்பீர்கள். நல்லது, அதுவும் வேலைதான். அந்த ஏரி மீனவர்கள் நின்றபடி காலால் துடுப்புப் போடுவது வித்தை காட்ட அல்ல. நின்றால்தான் நாணலுக்கும் பாசிக்கும் மேலே வழி தெரியும். பெண்கள் உட்கார்ந்து கையால்தான் வலிப்பார்கள்.

அப்புறம், மாநிலத்தின் பெயர் ஷான் என்பதால் அங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஷான் ஆகிவிட மாட்டார்கள். ஏரிமேல் வீடு என்றால் அவர்கள் அநேகமாக இந்தாக்கள். 'இன்' என்றால் ஏரி, 'தா' என்றால் மகன். பேசுவது பர்மிய மொழியின் ஒரு வழக்கு. ஷான் என்பதும் மற்றவர்கள் வைத்த பெயர்தான், அவர்கள் தங்களைத் 'தை' என்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'ஒரு குறைகூடச் சொல்லவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா? எந்த மொழியில்?

2014 ஜனவரியில் நான் கலா என்ற மலையூரிலிருந்து மூன்று நாள் நடந்து இன்லேவுக்குப் போனேன். வழிகாட்டியாக வந்த பையன் தன் அத்தை வீட்டில் என்னைத் தங்கவைத்தான். அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். அவரை 'அமே' என்று கூப்பிட்டேன். பர்மிய மொழியில் அம்மாவுக்கு அதுதான் சொல். மரச்சட்டம், பாய்போல முடைந்த மூங்கில் சுவர், தகரக் கூரை, அடியில் கட்டிப்போட்ட படகு. முன்னறையின் சுவரில் தலைக்கு மேலே புத்தருக்கு ஒரு மாடம், அதில் பூவும் ஒரு தம்ளர் தண்ணீரும். அதன் கீழே எனக்குப் பாய் விரித்திருந்தார். வீட்டிலேயே நல்ல இடம் அது.

ஏரி ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் மூங்கில் இடுக்கு வழியாக வரும் காற்று ஊசி மாதிரி குத்தும். என் தலைக்கு நேராக ஒரு இடுக்கு. தலையணையை எடுத்து மறுபக்கம் போட்டுப் படுத்துவிட்டேன். காலையில் முகம் கழுவிவிட்டு வந்தால் தலையணை பழைய இடத்தில் இருந்தது. அன்று இரவும் மாற்றினேன். காலையில் மறுபடி பழைய இடம். மூன்றாம் நாள் இரவு பார்த்தால் அந்த இடுக்குமேல் ஒரு தடித்த சிவப்புக் கட்டப் போர்வை தொங்குகிறது, நாலு மூலையிலும் ஆணி. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. பையனிடம் சொன்னேன், "உன் அத்தைக்கு என்ன கரிசனம் பார்."

அவன் சிரித்தான். சிரித்துவிட்டுத்தான் சொன்னான். நான் இரண்டு ராத்திரி புத்தருக்கு நேராகக் காலை நீட்டிப் படுத்திருந்தேன். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. அமே அதை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் என் முகம் சுருங்கும். அதனால் நான் திரும்பிப் படுக்கக் காரணமே இல்லாமல் செய்துவிட்டார். சுவரில் தொங்கியது அவருடைய போர்வை. அன்று ராத்திரி அவர் எதைப் போர்த்தினார் என்று கேட்டேன். பையன் பதில் சொல்லவில்லை. அவனும் அந்த வீட்டுப் பிள்ளைதானே.

பர்மிய மொழியில் 'ஆ நா' என்று ஒரு பேச்சு உண்டு. 'ஆ' என்றால் பலம், 'நா' என்றால் நோவது. இன்னொருவருக்குச் சங்கடம் தரக் கூசுவது, தன் தேவையைச் சொல்ல வாய் வராமல் விழுங்குவது. நம் 'மனசு கேக்கல' கொஞ்சம் பக்கத்தில் வரும். விருந்தாளி முன்னால் அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பதில் பாதி இதுதான். நீங்கள் அதற்கு நிறைவு என்று பெயர் வைத்துவிட்டீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் என் குறிப்பேட்டிலும் 'எளிமை', 'அமைதி' என்றுதான் எழுதியிருக்கிறேன். எடுத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று. இரவில் வெளியாள் தங்கினால் ஊர் நிர்வாகியிடம் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். வெளிநாட்டுக்காரன் என்றால் கேள்வி அதிகம். முதல் நாள் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அமேயின் கணவர் என் பாஸ்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு அந்தக் குளிரில் படகில் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். அதுவும் எனக்கு மூன்றாம் நாள்தான் தெரியும்.

இந்த இடத்தில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் சென்னையிலிருந்து உறவுக்காரர்கள் எங்கள் ஊருக்கு வருவார்கள். இலையில் பரிமாறிவிட்டு அம்மா "நான் அப்பவே சாப்பிட்டாச்சு" என்பாள். பானையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர்கள் திண்ணையில் சாய்ந்துகொண்டு, "கிராமத்துல என்ன நிம்மதி!" என்பார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். அமேயின் மருமகன் விடியுமுன் ஏரியடியிலிருந்து பாசியையும் சேற்றையும் கழியால் சுருட்டி இழுத்துப் படகில் குவித்துக்கொண்டு வருவான். மிதக்கும் தோட்டத்தில் தக்காளிக்குப் போட. ஈரத்தில் ஊறி அவன் உள்ளங்கைகள் வெளுத்து வெடித்திருந்தன. 1935க்கும் 2000க்கும் இடையில் அந்த ஏரியின் திறந்த நீர்ப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பெரும்பகுதியை எடுத்துக்கொண்டவை இந்தத் தோட்டங்கள்தான். தக்காளிக்கு அடிக்கிற மருந்து அவர்கள் குளிக்கிற தண்ணீரில்தான் கரைகிறது. இது அவனுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். நான் வாங்கித் தின்ற தக்காளியைப் பற்றி என்னிடமே எப்படிக் குறை சொல்வான்?

கடிதத்தில் என்னை உண்மையிலேயே சுட்டது 'அதே வீடு' என்ற சொல். 2025 மார்ச் 28 அன்று அந்த நாட்டில் 7.7 அளவில் நிலம் அதிர்ந்தது. இன்லேயில் எத்தனையோ வீடுகள் கால் முறிந்து தண்ணீருக்குள் சாய்ந்தன. அது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. வேண்டுமென்று விட்டிருக்க மாட்டீர்கள், தெரியும். உங்கள் நினைவில் அந்த வீடு 2019 டிசம்பரிலேயே நிற்கிறது.

நான் அந்தப் பையனுக்குச் செய்தி அனுப்பினேன். நாலு நாள் கழித்து ஒரு படமும் இரண்டு வார்த்தையும் வந்தன. "எல்லாம் சரி." படத்தில் அமே கொஞ்சம் இளைத்திருந்தார், சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் சமையற்கட்டு இருந்த இடத்தில் தண்ணீர். வீட்டில் இப்போது எத்தனை பேர் என்று கேட்டேன். பதினோரு பேர், பக்கத்து வீட்டுக்காரர்களும் இங்கேதான் என்றான். பணம் அனுப்ப வழி கேட்டதற்குப் பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. 'ஆ நா'தான், வேறென்ன.

நீங்கள் கேட்டது மறந்தே போயிற்று. போகலாமா என்பதை என்னிடம் கேட்காதீர்கள். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்த மாநிலத்தின் பல பக்கங்களில் சண்டை. அங்கேயே இருக்கிற வழிகாட்டியிடம் கேளுங்கள். உங்களுக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர்களின் எண் இருந்தால் இன்றைக்கே விசாரியுங்கள். "எல்லாம் சரி" என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாமல் வீட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். போக முடிந்தால், பணத்தை வலதுகையால், இடதுகையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு கொடுக்க வேண்டும். மகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள், பத்து வயதில் நன்றாக வரும். பரிசு என்று பொம்மையும் சாக்லேட்டும் வேண்டாம். ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போடாமல் கூடவே நாலைந்து தடித்த போர்வை எடுத்துப்போய், கிளம்புகிற அன்று மடித்து அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.