கிண்ணம் நிறைய மிக்ஸ் தானா போட்டால் பறவை எதைத் தின்னும்?

கேள்வி: மும்பை செம்பூரில் எங்கள் ஃபிளாட் பால்கனியில் இரண்டு ஜோடி லவ் பேர்ட்ஸும் ஒரு ஜோடி காக்டீலும் வளர்க்கிறோம். கிராஃபோர்டு மார்க்கெட்டில் மிக்ஸ் தானா (பல விதைகள் கலந்த பறவைத் தீனி) வாங்கிக் கிண்ணம் நிறையப் போட்டுவிடுவோம். சூரியகாந்தி விதையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை இறைக்கின்றன. லவ் பேர்ட்ஸில் ஒரு ஆண் பருத்துப்போய்ப் பறக்கச் சோம்பல்படுகிறது. எந்த விதை சத்தானது, எவ்வளவு கொடுக்கலாம்? விட்டமின் பூசிய விதை நல்லதா? மழைக்காலத்தில் தானியம் பூஞ்சை பிடிக்காமல் இருக்க என்ன செய்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் லவ் பேர்ட்ஸ் என்று காட்டியிருப்பவை உண்மையில் பட்ஜிகள், அதாவது பட்ஜெரிகர் என்னும் சிறிய ஆஸ்திரேலியக் கிளிகள். கீழே சொல்லும் அளவுகள் பட்ஜிக்கும் காக்டீலுக்கும் உரியவை.

பறவைகள் மேல் குற்றமில்லை. எண்ணெய் விதையும் தினையும் ஒன்றாகக் கிடந்தால் கிளி இனத்தில் எதுவும் கொழுப்பைத்தான் முதலில் எடுக்கும். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் தண்ணீரும் புல்விதையும் தேடிக் கூட்டம் கூட்டமாக நெடுந்தூரம் பறக்கும் பட்ஜிக்கு அந்தப் பழக்கம் உயிர் காக்கும். உங்கள் பால்கனியில் அது பறக்கும் தூரம் நாலடி இருக்குமா? தினையில் கொழுப்பு நூற்றுக்கு 4 பங்கு அளவில்தான். தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பிலோ ஏறத்தாழ பாதி கொழுப்பு. தின்றது செலவாகாமல் ஈரலில் கொழுப்பாகப் படிகிறது, மார்பில் கொழுப்புக் கட்டியாகத் திரள்கிறது. கூண்டு பட்ஜிகளுக்கு அடிக்கடி வரும் கோளாறுகள் இவை.

அதனால் மிக்ஸ் தானா வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். தானியங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கலந்துகொள்ளலாம். பட்ஜிக்கு நான் சொல்லும் கலவை: தினை நாலு பங்கு, கேனரி விதை மூன்று பங்கு, பனிவரகு இரண்டு பங்கு, சாமை அல்லது குதிரைவாலி ஒரு பங்கு. மும்பைக் கடைகளில் தினையை ‘கங்ணி’ என்று கேட்டால் கொடுப்பார்கள். கேனரி விதை விலை கூடுதல்தான். ஆனாலும் அதைக் குறைக்காதீர்கள். சிறுதானியங்களில் புரதம் நூற்றுக்கு 11 பங்கு போல இருக்க, இதில் 20 பங்கு வரை இருக்கிறது. காக்டீலுக்கும் இதே கலவையில் கொஞ்சம் கம்பும் உமியோடு உள்ள ஓட்ஸும் சேர்க்கலாம்.

ஒன்றைக் கவனித்து வாங்குங்கள். சூப்பர் மார்க்கெட்டில் நமக்கு விற்கும் தினை அரிசி, சாமை அரிசி எல்லாம் உமி நீக்கியவை. அவை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். உமி உரித்துத் தின்பதுதான் இந்தப் பறவைகளுக்கு வேலையும் பொழுதுபோக்கும், அதுவும் போய்விடும். உமியோடு இருப்பதையே கேளுங்கள். அதே சமயம், விதைப்புக்கென்று விற்கும் விதைகளை மறந்தும் வாங்கக் கூடாது. சிவப்பிலோ பச்சையிலோ சாயம் ஏறியிருந்தால் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கிறார்கள் என்று பொருள்.

பட்ஜிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு டீஸ்பூன் போதும். காக்டீலுக்கு ஒரு டேபிள்ஸ்பூனும் கொஞ்சமும். காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பறவை உமியைக் கிண்ணத்திலேயே உதிர்த்துவிடும், மேலாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்தே தெரியும். வீட்டார் ஊருக்குப் போயிருக்கும்போது, ‘நேற்றுப் போட்டது அப்படியே இருக்கிறதே’ என்று பக்கத்து வீட்டுக்காரர் விட்டுவிட, பறவை பட்டினியில் செத்த கதைகள் உண்டு. 35 கிராம் உடம்பு ஒரு நாள் பட்டினி தாங்குவதே பெரிய விஷயம். காலையில் கிண்ணத்தை ஒரு முறை ஊதிப் பாருங்கள். உமி பறந்த பிறகு அடியில் எத்தனை மணி மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு.

சூரியகாந்தியை அடியோடு விட வேண்டியதில்லை. கிண்ணத்திலிருந்து எடுத்துக் கைக்கு மாற்றுங்கள். பட்ஜிக்கு இரண்டு, காக்டீலுக்கு நாலைந்து, பழக்கும்போது உங்கள் விரலிலிருந்து. ஆளி விதையும் சியாவும் வாரத்துக்கு ஒரு சிட்டிகை போடலாம், போடாவிட்டாலும் ஒன்றும் குறையாது. நிலக்கடலையை மழை மாதங்களில் நான் அனுமதிப்பதே இல்லை. அதில் வரும் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

எவ்வளவு நல்ல விதையானாலும் விதை மட்டும் போதாது. விட்டமின் ஏ இல்லை, சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அயோடின் குறைந்தால் பட்ஜிக்குத் தைராய்டு வீங்கி மூச்சுக்குழலை அழுத்தும். விட்டமின் பூசிய விதை இதற்கு மருந்தாகுமா என்றால், பூச்சு இருப்பது உமியின் மேல்; பறவை அந்த உமியைத் துப்பிவிடுகிறது. காசு வீண். தண்ணீரில் விடும் சொட்டு மருந்தையும் நான் நம்புவதில்லை. அது வெளிச்சத்தில் சத்திழக்கும், தண்ணீரில் கிருமி பெருகவும் இடம் கொடுக்கும்.

கீரையே மேல். மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை கிடைக்கும், அதைவிட நல்ல கீரை இந்தப் பறவைகளுக்கு இல்லை. வெந்தயக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், பூசணி, குடைமிளகாய் எல்லாம் ஆகும். காரமான சிவப்பு மிளகாயும் கொடுக்கலாம், பறவைகளின் நாக்குக்குக் காரம் தெரியாது. பாலக்கை எப்போதாவது மட்டும் கொடுங்கள், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம் கூண்டுப் பக்கமே வரக் கூடாது. கூண்டுக் கம்பியில் ஒரு கடல்நுரையைக் கட்டிவிடுங்கள். மும்பைக் கடைகளில் ‘சமுத்ர ஃபேன்’ என்பார்கள், கணவாய் மீனின் ஓடுதான். முட்டையிடும் பெண் பறவைக்கு இது கட்டாயம், இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். இளவெயிலும் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் விட்டமின் டி உண்டாகாது.

இதுவரை கீரையே பார்க்காத பறவை முதல் வாரம் அதைத் தொடாது. விடியலில் பசியோடு இருக்கும்போது முதலில் கீரை, ஒரு மணி நேரம் கழித்து விதை என்று வைத்துப் பாருங்கள். ஈரக் கீரையின் மேலேயே தினையைத் தூவினால் விதையைக் கொத்தும் சாக்கில் கீரை வாய்க்குள் போகும். பழக்குகிறேன் என்று பட்டினி மட்டும் போடாதீர்கள். எச்சம் குறைந்து கருத்துப்போனால் அது தின்னவில்லை என்று அர்த்தம், உடனே பழைய தானியத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இனி மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் தானியத்தை வெயிலில் காயவைப்பது நடக்காத காரியம். இரண்டு வாரத்துக்கு மேல் வருகிற அளவு வாங்காதீர்கள். வாங்கியதை இறுக மூடிய டப்பாவில் போட்டு நாலு நாள் ஃப்ரீசரில் வைத்தால் வண்டும் அந்துப்பூச்சியும் சாகும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். அவசரப்பட்டால் குளிர்ந்த தானியத்தின் மேல் ஈரம் வேர்த்து, தவிர்க்க நினைத்த பூஞ்சையே வந்து சேரும். மக்கல் வாடை, பிசுபிசுப்பு, நூலாம்படை போலச் சிக்கல், இதில் ஒன்று இருந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். கழுவிக் காயவைத்துக் கொடுப்பது சிக்கனமல்ல.

கடைக்காரர் கொடுத்தது புதுசா பழசா என்று அறிய ஐம்பது மணி தினையை ஈரத்துணியில் கட்டிவையுங்கள். மூன்று நாளில் பெரும்பாலும் முளைக்காவிட்டால் கடையை மாற்றுங்கள். முளைகட்டிய தானியம் பறவைக்கு மிக நல்லது, ஆனால் அதைக் குளிர்மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் முளைக்கு முன் நாற்றம் வந்துவிடும். சிந்திய தானியத்தையும் அன்றன்றே கூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மாடப்புறாக்கள் வந்து எச்சத்தோடு நோயையும் இறக்கிவிட்டுப் போகும்.

பருத்த ஆண் பட்ஜியை நாளைக் காலையே சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்துக் குறித்துவையுங்கள். சாதாரண பட்ஜி 30 முதல் 40 கிராம் இருக்கும். மார்பின் நடுவெலும்பை விரலால் தடவுங்கள், எலும்பே தட்டுப்படாமல் இருபுறமும் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. உணவைச் சட்டென்று குறைக்காமல் சூரியகாந்தியை மட்டும் நிறுத்தி, தண்ணீர்க் கிண்ணத்தையும் தானியத்தையும் கூண்டின் இரு கோடிகளில் வையுங்கள், நடக்கட்டும். வாரம் ஒரு முறை நிறுத்தால் போதும், மெதுவாக இறங்க வேண்டும். அலகு நீண்டு வளைந்திருந்தால் ஈரலைச் சந்தேகிக்க வேண்டும், பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வாலை ஆட்டி ஆட்டி மூச்சு வாங்கினாலோ, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டுத் தரையில் உட்கார்ந்தாலோ வாரக்கணக்குப் பார்க்காமல் அன்றே கொண்டுபோங்கள்.