மஞ்சள் நிறப் பொடியை மூடி வையுங்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: மூன்று வாரம் முன்பு மகனுக்காக ஒரு நீல ஃபைட்டர் மீன் வாங்கினோம். இரண்டு லிட்டர் கண்ணாடி பௌலில் இருக்கிறது. நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. துடுப்பைச் சுருக்கிக்கொண்டு அடியிலேயே கிடக்கிறது, வால் ஓரமும் கிழிந்திருக்கிறது. கடையில் நீல மருந்து, மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி, உப்பு மூன்றையும் ஒன்றாகப் போடச் சொன்னார்கள். போடலாமா? (பெரம்பூர் வாசகி ஒருவர்)

போடாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பல நோய்களுக்குப் பொதுவானவை. ஆனால் 'இரண்டு லிட்டர்' என்று படித்ததுமே எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம் வந்தது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதேதான். பெரிய தொட்டியில் ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதைப் படிப்படியாகத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றிவிடும். உங்கள் பௌலில் அதற்கு வழியில்லை. நம் கண்ணுக்குத் தண்ணீர் பளிங்காகத் தெரியும், மீனுக்கோ செவுள் எரியும். போர் தண்ணீரில் காரத்தன்மை அதிகமாக இருந்தால் நச்சு இன்னும் கூடும்.

இன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மெட்ரோ தண்ணீரை அகல வாளியில் ஒரு நாள் திறந்து வைத்திருந்தோ, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டோ ஊற்றுங்கள். சூடு பழைய தண்ணீரைப் போலவே இருக்கட்டும். அடுத்த சில நாட்கள் தினமும் மூன்றில் ஒரு பங்கு. மொத்தத்தையும் கொட்டி பௌலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். கேன் தண்ணீரும் வேண்டாம், மீனுக்குத் தேவையான தாது உப்புகள் அதில் மிகக் குறைவு. இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். பௌல் ஏசி அறையில் இருந்தால் வெளியே கொண்டுவாருங்கள். தாய்லாந்துப் பக்கத்து வயல்நீரில் வாழும் இனம் இது, 25 முதல் 28 டிகிரிதான் சுகம். சின்னப் பாத்திரம் இரவோடு இரவாகக் குளிர்ந்துவிடும்.

மூன்றில் உப்பை மட்டும் போடலாம். அயோடின் சேர்க்காத கல் உப்பைப் பொடித்து, இரண்டு லிட்டருக்கு அரை டீஸ்பூன், தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். பத்து நாளுக்கு மேல் வேண்டாம். உப்பு ஆவியாகாது, அதனால் புதிதாக ஊற்றும் தண்ணீரின் அளவுக்கு மட்டும் சேர்த்தால் போதும்.

அந்த மஞ்சள் பொடிக்கு வருகிறேன். லேபிள் இல்லாத சின்ன கவரில் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் ஆன்டிபயாடிக். மனிதர் கேட்டால் சீட்டு வேண்டும் என்கிறது சட்டம். மீன் கடையில் அதையே கிள்ளிக் கிள்ளி விற்கிறார்கள், கேட்பாரில்லை. நாய், பூனைக்கு ஏரியாவுக்கு ஏரியா கிளினிக் இருக்கிறது. மீனைப் பார்க்கும் மருத்துவரை இவ்வளவு பெரிய நகரத்தில் தேடி அலைய வேண்டியிருப்பதால், விற்றவரே வைத்தியராகிவிடுகிறார். இப்படி ஒரு மீனை என்னிடம் கொண்டுவந்தார்கள். மூன்று மருந்தும் போட்டு வாய் முதல் வால் வரை நீலமேறிக் கிடந்தது. கூடவே கொண்டுவந்த தண்ணீரைச் சோதித்தேன். அம்மோனியா இல்லாவிட்டால் மஞ்சளாகவே நிற்க வேண்டிய சோதனைக் குழாய் அடர்பச்சையானது. அத்தனையும் அம்மோனியா.

மீன் மேலே வந்து காற்றை விழுங்கினால் பயப்பட வேண்டாம். ஃபைட்டருக்கு நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருக்கிறது. நாள் முழுக்க அவ்வப்போது வந்து போகும், அது இயல்பு. மேற்பரப்பை மூடி அடைத்தால்தான் ஆபத்து. ஆனால் சில நொடிக்கு ஒரு முறை, செவுளை வேகமாக அடித்தபடி, கீழே போகவே மனமில்லாமல் மேலேயே தொங்கினால் அது மூச்சுத் திணறல். உடனே தண்ணீரை மாற்றுங்கள்.

அப்புறம், இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். உடம்பில் தங்கப்பொடி தூவியது போல மினுங்கினால் வெல்வெட் எனும் ஒட்டுண்ணி, அதற்கு மருத்துவர்தான் மருந்து சொல்ல வேண்டும். வால் ஓரம் கறுத்தோ சிவந்தோ நாளுக்கு நாள் குறைந்தால் அழுகல். சுத்தமான கிழிசல் என்றால் பிளாஸ்டிக் செடி கிழித்திருக்கும். மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் அன்னாசிப் பழம் போலச் சிலிர்த்து நின்றால் பிழைப்பது கடினம்.

ஒரு வாரத்தில் தீனி எடுக்கத் தொடங்கினால் பத்து, இருபது லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். எடுக்காவிட்டால் மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மீனோடு, பௌல் தண்ணீரையும் தனி பாட்டிலில் கொண்டுபோங்கள்.