தன்னைத் தானே நேசிப்பது என்றால் என்ன? அன்றாட வாழ்க்கையில் அதை எப்படிச் செய்வது?

"அப்படி இருந்தால் சுயநலம் ஆகிவிடாதா?" என்றும் கேள்வியின் விவரத்தில் கேட்டிருக்கிறீர்கள். நாற்பத்து மூன்று வயது வரை நானும் அதே பயத்தில்தான் இருந்தேன். அதனால் என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

தோசை வார்க்கும்போது முதல் தோசை பெரும்பாலும் கல்லில் ஒட்டிப் பிய்ந்துதான் வரும். அதை ஒரு தட்டில் ஓரமாகப் போட்டு வைப்பேன். கருகியது, சரியாக வேகாதது, திருப்பும்போது மடங்கியது எல்லாம் அதே தட்டில் சேரும். மற்றவர்களுக்கு முறுகலாக ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, அடுப்பை அணைத்துவிட்டு, ஆறிப்போன அந்தத் தட்டை மேடையில் வைத்து நின்றபடியே சாப்பிடுவேன். சட்னி தீர்ந்திருக்கும். மிக்ஸி ஜாரில் ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி ஊற்றிக்கொள்வேன். வீட்டில் யாரும் என்னை அப்படிச் சாப்பிடச் சொன்னதில்லை. என் அம்மா அப்படிச் சாப்பிட்டுத்தான் பார்த்திருக்கிறேன்.

2022-இல் ஒருநாள் காலையில் வேலைக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றவள், கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே படி ஏறினால் மூச்சு வாங்கியது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மெல்லத் தோன்றும். மாதவிலக்கு ஒன்றரை வருடமாகப் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று போய்க்கொண்டிருந்தது. "இந்த வயசில் இப்படித்தான் இருக்கும்" என்று எல்லாவற்றையும் ஓரம்கட்டி வைத்திருந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4 என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்: "உங்க பொண்ணுக்கு இப்படிப் பத்து நாள் ரத்தம் போனா ஒன்றரை வருஷம் சும்மா இருந்திருப்பீங்களாம்மா?"

மகளுக்கு ஒருநாள் காய்ச்சல் என்றாலே லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவள் நான். பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது.

எனக்குத் தன்னை நேசிப்பது என்பதன் பொருள் அந்த நாற்காலியில்தான் புரிந்தது. மகள்மேல் பாசம் பொங்கும் நாளில் மட்டும்தான் அவளுக்குச் சோறு போடுகிறேனா? கோபமாக இருக்கிற நாளிலும், அலுத்துப்போன நாளிலும் போடுகிறேன். அவள் முகம் வாடினால் என்னவென்று கேட்கிறேன். அந்தக் கவனிப்பை எனக்கும் தர வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடி முன் நின்று "நான் அருமையானவள்" என்று சொல்லிப் பார்க்கும்படி ஒரு தோழி சொன்னாள். சிலருக்கு அது உதவலாம். எனக்கு மாத்திரையை நேரத்துக்குப் போடுவதுதான் உதவியது.

அதுவும் சுலபமாக இல்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்து, அதற்குத் தனியாக வைத்தியம் நடந்தது. இரும்புச்சத்து மாத்திரை முதல் இரண்டு வாரம் வயிற்றைப் புரட்டியது. மலம் கறுப்பாகப் போனது. பயந்துபோய் நிறுத்தப் பார்த்தேன். மாத்திரையால் அப்படி ஆவது சகஜம் என்று பிறகுதான் தெரிந்தது. டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது, முன்னும் பின்னும் இடைவெளி விடவேண்டும், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாகச் சேரும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் 7.4-ஐக் கீரையால் மட்டும் ஏற்ற முடியாது என்றும் சொன்னார்கள். காலை டீயைத் தள்ளிப் போடுவதுதான் எனக்குப் பெரிய போராட்டம். நிறுத்தத் தோன்றும்போதெல்லாம், மகள் போடாமல் ஏமாற்றினால் விடுவேனா என்று நினைத்துக்கொள்வேன். நான்கு மாதத்தில் 11.6-க்கு வந்தது. உடம்பின் சேமிப்பும் நிரம்ப வேண்டும் என்று அதன்பிறகும் சில மாதம் போடச் சொன்னார்கள்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. வறுமை, சத்தில்லாத சாப்பாடு, அதிக உதிரப்போக்கு என்று காரணங்கள் பல. ஆனால் கைக்கு எட்டுகிற தூரத்தில் சோறு இருந்தும் கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள், வலியை யாரிடமும் சொல்லாதவர்கள் அந்தப் பாதிக்கும் மேற்பட்டோரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தோசைக்கு வருகிறேன். இப்போது மூன்றாவது தோசை என்னுடையது. சூடாக எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து, சட்னியோடு சாப்பிடுகிறேன். அந்த நேரத்தில் கரண்டி வீட்டுக்காரர் கையில் இருக்கும். முதல்நாள் உட்கார்ந்தபோது ஏதோ திருட்டுத்தனம் செய்கிற மாதிரி நெஞ்சு படபடத்தது. அப்போதுதான் உங்கள் சுயநலக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்தால் அது சுயநலம். என் தட்டில் என் பங்கைப் போட்டுக்கொள்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இதைவிடக் கஷ்டமானது ஒன்று உண்டு, நமக்கு நாமே பேசிக்கொள்கிற பேச்சு. பால் பொங்கி வழிந்தால் உடனே மனசுக்குள், "தண்டம், ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியுதா?" என்று ஒரு குரல் எழும். சின்ன வயதில் கேட்ட குரல் அது, அதே வார்த்தை, அதே ராகம். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் அடுப்படியில் பாலைக் கொட்டிவிட்டாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "போனா போகுது விடும்மா, கால்ல ஊத்திக்கலையே?" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்தப் பேச்சு என்னிடம் இருக்கிறது. எனக்கு மட்டும் இத்தனை வருடமும் கொடுத்ததில்லை. இப்போது பால் வழிந்தால் வாய்விட்டே சொல்கிறேன், "போனா போகுது, விடு." எல்லா நாளும் முடிவதில்லை, பழைய குரல் முந்திக்கொள்கிற நாட்களும் உண்டு.

கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 2003-இல் இதைப்பற்றி விரிவாக எழுதினார். தன்மேல் இரக்கம் என்பதை அவர் மூன்றாகப் பார்க்கிறார். தவறும்போது நம்மை நாமே கடிந்துகொள்ளாமல் கனிவாக இருப்பது, தடுமாறுவது எல்லா மனிதருக்கும் உள்ளது என்று உணர்வது, வலியை மறைக்காமலும் ஊதிப் பெரிதாக்காமலும் உள்ளபடி பார்ப்பது. தன்மதிப்பு நாம் ஜெயிக்கும்போது ஏறும், தோற்கும்போது இறங்கும். இந்த இரக்கமோ தோற்ற அன்றைக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. இரண்டாவது பகுதிதான் என்னை அதிகம் தொட்டது. பால் எல்லார் வீட்டிலும்தான் வழிகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "நான் எதற்கும் லாயக்கில்லை, இருந்து என்ன பயன்" என்ற எண்ணம் வாரக்கணக்கில் விடாமல் ஓடினால், இப்படிச் சின்னச் சின்ன மாற்றங்களோடு நிறுத்திவிடாதீர்கள். 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, இரவானாலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். உதவி கேட்பதும் நான் மேலே சொன்ன கவனிப்பில் சேர்ந்ததுதான்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு 68 வயது. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். "எனக்கென்ன, நான் எப்ப வேணா சாப்பிட்டுக்குவேன், நீ உக்காரு" என்றார். அடுப்பு மேடையில் ஓரமாக ஒரு தட்டு இருந்தது. அதில் பிய்ந்துபோன தோசைகள். மறுநாள் காலையில் அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தேன். ஹீமோகுளோபின் 9.1. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணி, மாத்திரை போட்டாரா என்று கேட்கிறேன். நேற்று நான் கேட்பதற்கு முன்னாலேயே, "போட்டுட்டேன்டி, உக்காந்துதான் சாப்பிட்டேன்" என்றார்.